மஞ்சள் உலோகம், வெள்ளை உலோகம்: மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே படிவங்களைத் தயாரிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

பில்லைப் பற்றியோ காத்திருக்கும் நேரத்தைப் பற்றியோ புகார் சொல்ல இதை எழுதவில்லை, அந்த மாதிரிக் கடிதங்கள் உங்களுக்கு ஏற்கெனவே நிறைய வரும். நான் பேச வந்தது ஒரே ஒரு படிவத்தைப் பற்றி. ஒருவரை ஆபரேஷனுக்கு அழைத்துப்போகும் முன்னால், அல்லது மயங்கிய நிலையில் கொண்டுவந்து படுக்க வைத்ததும், உடம்பில் இருக்கிற நகை, கடிகாரம், கண்ணாடி, பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பட்டியல் எழுதி, கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்குகிறீர்களே, அந்தப் படிவம்தான்.

அதில் தங்கம் என்று எழுத மாட்டீர்கள், மஞ்சள் உலோகம் என்று எழுதுவீர்கள். வெள்ளியும் கிடையாது, வெள்ளை உலோகம். காரணம் புரிகிறது. உரசிப் பார்க்காமல் தங்கம் என்று எழுதிக்கொடுத்தால் நாளைக்கு அது உங்கள் தலையில் விடியும். விவரமான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படிவத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், அது நோயாளியிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறது: இதனால் ஆபத்து உண்டா, இதற்கு விலை உண்டா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வருகிற பொருள்கள் எல்லாம் மொத்தமாக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போகின்றன. யாருக்கும் பொறுப்பில்லாத பை அது. இந்த மடல் அந்தப் பையைப் பற்றியது, கூடவே, அந்தப் பைக்குள் போட முடியாமல் தோலிலேயே இருந்துவிடுகிற டாட்டூவைப் பற்றியது.

கழற்றச் சொல்வதே தப்பு என்று யாராவது சொன்னால் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன். ரத்தம் கசியும் இடத்தை மின்சாரத்தால் சுட்டு அடைக்கிற கருவி ஓடும்போது உடம்பில் உலோகம் இருந்தால் அங்கே சூடுபட வாய்ப்பிருக்கிறது. கை வீங்கினால் மோதிரம் விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ அறைக்குள் இரும்புச் சமாச்சாரம் எதையும் கொண்டுபோகவே கூடாது. எல்லாம் சரி. கழற்றிய பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

என் அத்தை விரலில் ஓர் எவர்சில்வர் வளையம் இருந்தது. மோதிரம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏதோ ஓர் இயந்திரத்திலிருந்து கழன்று விழுந்த வாஷர் மாதிரி இருக்கும். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அது அவர் கையில்தான் கிடந்தது, ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஓர் அறுவை சிகிச்சைக்காக அதைக் கழற்றினார்கள். கழுத்துச் சங்கிலி இரண்டு கையெழுத்தோடு பூட்டிய அலமாரிக்குள் போனது, வளையம் பைக்குள் போனது. வார்டு மாற்றும்போது பை காணாமல் போய்விட்டது. நாங்கள் போய்க் கேட்டதற்கு, சங்கிலிதான் பத்திரமாக இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னார்கள், உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னார்கள், அதில் கிண்டல் இல்லை. அத்தை அந்தச் சங்கிலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அந்த வளையத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்கு யார் கொடுத்தது, எதற்காகப் போட்டிருந்தார், எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் நான் உங்களிடம் சொல்ல வருவது.

ஏனென்றால் நினைவுப்பொருள் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோருக்கும் ஒரு கதை வேண்டியிருக்கிறது. கையில் டாட்டூ இருந்தால் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்கிறவருக்கு அது பேச்சு ஆரம்பிக்க ஒரு சாக்கு. சொல்கிறவருக்கோ, மணிக்கட்டில் இருக்கிற அந்தத் தேதி இறந்துபோன பிள்ளையின் பிறந்தநாளாக இருக்கலாம், ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை சுற்றுகிற நேரத்தில் சொல்லக்கூடிய விஷயமா அது? அதனால் பலர் சின்னதாக ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறார்கள். சும்மா போட்டேன், பிடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான். சிலருக்கு நிஜமாகவே சும்மா போட்டதுதான், பத்து வருஷம் கூடவே இருந்ததால் அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எந்த வகையாக இருந்தாலும் அந்த அர்த்தத்தைச் சரிபார்த்து முத்திரை குத்துகிற வேலை உங்களுக்கு இல்லை. பொருளைத் தொலைக்காமல் இருக்கிற வேலை மட்டும் உண்டு.

உங்களுக்கு முன்னால் இதை ஒரு நிறுவனம் செய்து பார்த்திருக்கிறது. நன்றாகவும் செய்தது, கெடுத்தும் வைத்தது, அதனால்தான் சொல்கிறேன். லண்டனில் தாமஸ் கோரம் என்ற பழைய கப்பல்காரர் பல வருஷம் அலைந்து 1739இல் அரச அனுமதி வாங்கித் தொடங்கிய ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல். பெயரில் ஹாஸ்பிடல் இருந்தாலும் அது வளர்க்க முடியாத குழந்தைகளை ஒப்படைக்கிற காப்பகம். 1741இல் முதல் குழந்தைகளைச் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு குழந்தையின் பெயரை மாற்றிவிடுவார்கள். அப்படியென்றால் பிற்பாடு நிலைமை சரியாகி ஒரு தாய் திரும்பி வந்தால் தன் பிள்ளை எது என்று எப்படிச் சொல்வாள்? அதற்காக ஓர் அடையாளப் பொருளை விட்டுப்போகச் சொன்னார்கள். பெயர் செதுக்கிய காசு, பொத்தான், மோதிரம், ஒரு பருப்பின் வெற்று ஓடு, ரிப்பன் துண்டு, எதுவுமே இல்லாதவர்களுக்குக் குழந்தை போட்டிருந்த துணியிலிருந்து வெட்டிய ஒரு சின்னத் துண்டு. அந்தத் துணித் துண்டைக் குழந்தையின் பதிவுத் தாளோடு குண்டூசியால் குத்தி, மடித்து, எண் போட்டு வைத்தார்கள். இப்படி 5,000க்கும் மேற்பட்ட துணித் துண்டுகள் இன்றும் இருக்கின்றன.

1767இல் சாரா பெண்டர் என்ற தாய், ஒட்டுத்துணியில் இதயம் ஒன்றைப் பூத்தையலாகத் தைத்து, அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையோடு விட்டுப் போனார். எட்டு வருஷம் கழித்து 1775இல் திரும்ப வந்து மகனைக் கூட்டிப்போனார். அவன் பெயரை அதற்குள் மாற்றியிருந்தார்கள். அந்தக் கந்தல் துணிக்கு அன்றைக்கு யாரும் ஒரு காசுகூடத் தந்திருக்க மாட்டார்கள். எழுத்தர் அதைப் பதிவோடு சேர்த்து வைத்ததுதான் விஷயம். எல்லாக் கதையும் இப்படி முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1741இலிருந்து 1760 வரை சேர்த்த 16,282 குழந்தைகளில் திரும்பப் பெறப்பட்டவர்கள் 152 பேர்தான். மற்ற பொருள்கள் அப்படியே தங்கிவிட்டன. ஆனாலும் யார் வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்று எழுத்தர் ஊகித்துத் தள்ளிவிடவில்லை, எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் மடித்து வைத்தார்.

கெடுத்த கதை அடுத்த நூற்றாண்டில். 1860களில் அதே நிறுவனம் பார்வையாளர்களுக்குக் காட்டலாம் என்று காசையும் மோதிரத்தையும் அந்தந்தத் தாள்களிலிருந்து பிரித்தெடுத்துக் காட்சிக்கு வைத்துவிட்டது. எந்தப் பொருள் எந்தக் குழந்தையுடையது என்ற தொடர்பு அறுந்துபோயிற்று. பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து பழைய பதிவுகளில் எழுதியிருந்த வர்ணனையை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டிவந்தது. பொருள் எதுவும் கெடவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளப்பாகத்தான் இருந்தது. உங்கள் வார்டிலும் தினமும் நடப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் திருடுவதில்லை. பொருளும் ஆளும் பிரிந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, டாட்டூவுக்கு வருகிறேன். அதைக் கழற்ற முடியாது, பட்டியலில் எழுதவும் மாட்டீர்கள், அதனால் அது உங்கள் கண்ணிலேயே படுவதில்லை, பட்டால் குழப்பத்தில்தான் முடிகிறது. 2017இல் மயாமியில் சுயநினைவில்லாமல் கொண்டுவரப்பட்ட 70 வயதுக்காரர் ஒருவரைப் பற்றி மருத்துவ இதழில் வந்தது. மார்பில், தனக்கு உயிர்மீட்புச் சிகிச்சை தர வேண்டாம் என்று டாட்டூ, வேண்டாம் என்ற சொல்லுக்கு அடிக்கோடு, கீழே கையெழுத்து. மருத்துவர்கள் முதலில் அதை ஏற்கவில்லை. திரும்பப் பெற முடியாத முடிவை, உறுதியாகத் தெரியாத ஒன்றை நம்பி எடுக்கக் கூடாது என்று சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். நெறிமுறைக் குழுவைக் கேட்டதும், அது அந்த மனிதரின் உண்மையான விருப்பமாகத்தான் இருக்க வேண்டும், மதிக்கலாம் என்றார்கள். பிற்பாடு முறையான எழுத்துப் படிவமும் கிடைத்தது, அதிலும் அதேதான் இருந்தது. இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, டாட்டூ பொய் சொல்லாது என்று நான் எழுதினால் அது வசதியாக இருக்கும். ஆனால் 2012இல் வேறோர் இதழில் வந்ததைப் பாருங்கள். மார்பில் அதே வாசகத்தின் சுருக்கம் குத்தியிருந்த 59 வயது நோயாளியிடம் பேசினால், தேவைப்பட்டால் எனக்கு எல்லாச் சிகிச்சையும் கொடுங்கள் என்கிறார். அப்படியென்றால் இது? இளவயதில் சீட்டாட்டத்தில் பந்தயம் தோற்றுப் போட்டது. இதை யாரும் நிஜமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கவே இல்லையாம்.

ஒரே எழுத்து, ஒரே இடம், ஒருவருக்கு உயில், இன்னொருவருக்குச் சீட்டாட்டக் கடன். பார்க்கிறவர் படித்து அறிந்துகொள்ள முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். நினைவோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி, அதுவும் சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும்.

தோல் மருத்துவம் படித்தவர்கள் உங்களிடம் இருப்பார்கள், அவர்களுக்கு இது தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டாட்டூ மை தோலில் கறைபோல ஊறி அப்படியே கிடக்கிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தோம். 2018இல் பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டியது வேறு. தோலின் உள்ளடுக்கில் இருக்கிற, அந்நியப் பொருளை விழுங்கும் செல்கள் மைத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் சாகும்போது மை வெளியே வருகிறது, பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை உடனே விழுங்கிக்கொள்கிறது. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, படம் மட்டும் அங்கேயே நிற்கிறது. உடம்பு இவ்வளவு மெனக்கெட்டு வைத்திருப்பதை, வயிற்றைத் தைக்கும்போது அரை சென்டிமீட்டர் தள்ளித் தைத்து ஒரு பெயரின் நடு எழுத்தைக் காணாமல் போக்கிவிட வேண்டாம் என்று கேட்பது பெரிய கோரிக்கையா? அறுக்கும் முன்னால் பேனாவால் இரண்டு குறுக்குக்கோடு போட்டுவைத்து, தைக்கும்போது அதைப் பொருத்திக்கொள்கிற அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவசரத்தில் உயிரா படமா என்றால் யாரும் படத்தைச் சொல்ல மாட்டோம். நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷனைப் பற்றித்தான் பேசுகிறேன். அப்புறம் எம்ஆர்ஐ எடுக்க வருகிறவரை டாட்டூ இருக்கிறது என்பதற்காகவே மிரட்டி அனுப்புகிற பழக்கமும் குறையலாம். சில மைகளில் உலோகக் கலப்பு இருப்பதால் சூடேற வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் டாட்டூ உள்ள 300க்கும் மேற்பட்டவர்களைப் படமெடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் ஒருவருக்கு மட்டும், அதுவும் லேசாக, ஏதோ உணர்வு வந்திருக்கிறது. எச்சரித்துவிட்டு, ஏதாவது உணர்ந்தால் உடனே கூப்பிடுவதற்குக் கையில் மணியைக் கொடுத்து எடுக்கலாம்.

இன்னொன்று, நீங்களே டாட்டூ குத்துகிறீர்கள். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குத் தினமும் அதே நிலையில் படுக்க வைக்க வேண்டும் என்பதற்காகக் குண்டூசித் தலை அளவில் அழியாத புள்ளிகள் வைக்கிறீர்கள். ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்தாரே, ஓட்ஸி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், 5,300 வருஷத்துக்கு முந்தைய மனிதர், அவர் உடம்பிலும் 61 கோடுகளும் குறுக்குக்கோடுகளும் இருக்கின்றன. நிறையக் கோடுகள் கணுக்காலிலும் முழங்காலிலும் இடுப்புக்கு மேலேயும், தேய்மானம் தெரிகிற மூட்டுகளை ஒட்டி இருப்பதால் வலிக்குச் செய்த வைத்தியமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஆக, வைத்தியத்துக்காக உடம்பில் குறி வைப்பது பழைய தொழிலாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் புள்ளி நோயாளி கேட்டு வைத்ததில்லை. சிகிச்சை முடிந்து வருஷக்கணக்கில் குளிக்கும்போது அது கண்ணில் படுகிறது. சிலருக்கு அது ஜெயித்த அடையாளம், அதைச் சுற்றி ஒரு பூவோ நட்சத்திரமோ வரைந்துகொள்கிறார்கள். சிலருக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது, லேசரால் எடுக்கப் போகிறார்கள். எடுக்கிறவர் கோழையும் இல்லை, வைத்துக்கொள்கிறவர் வீரரும் இல்லை, தயவுசெய்து உங்கள் விளம்பரப் படங்களில் அப்படிக் காட்டாதீர்கள். புள்ளி இல்லாமல் உடம்பின் மேற்பரப்பை ஒளியால் அளந்து படுக்க வைக்கிற கருவிகள் இப்போது இருக்கின்றன. உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் இது அழியாது என்பதையாவது குத்துவதற்கு முன்னால் சொல்லுங்கள். மார்பகம் எடுத்தவர்களில் தழும்பின் மேல் காம்பு வரைந்துகொள்கிறவர்கள் உண்டு, கொடி வரைகிறவர்கள் உண்டு, தழும்பைத் தழும்பாகவே விடுகிறவர்கள் உண்டு. இதற்கும் அதே பேச்சுதான்.

உங்கள் குப்பைத் தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் கட்டுகிற பெயர்ப் பட்டை, ஈசிஜி தாள், வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் படம், உங்களுக்கு இதெல்லாம் முடிந்துபோன காகிதம். இறந்தவரின் கைப்பட்டையை டிராயரில் வைத்திருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். பிணவறைக்கு அனுப்பும் முன் அதன் நகல் ஒன்று வேண்டுமா என்று கேட்டால் என்ன ஆகிவிடும்? ஸ்கேன் படத்தை நீங்கள் அச்சடித்துக் கொடுப்பது பெரும்பாலும் வெப்பத்தாளில், வெளிச்சமும் சூடும் பட்டால் சில வருஷத்தில் மங்கிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்தால் அந்தச் சூட்டிலேயே மொத்தமும் கறுத்துப்போகும். பிறக்காமல் போன பிள்ளைக்கு அந்தப் படம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள். உடனே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், லேமினேட் செய்யாதீர்கள் என்று உறையின் மேல் இரண்டு வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

ஐசியுவில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்பீர்கள். கனடாவின் ஹாமில்டன் நகரில் 2013இல் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில், இனிப் பிழைக்க வாய்ப்பில்லாத 40 நோயாளிகளோடு ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் குடும்பத்துக்கும் ஆளுக்குக் குறைந்தது மூன்று சின்ன ஆசைகளை நிறைவேற்றுவது. பின்னால் வேறு மருத்துவமனைகளும் எடுத்துக்கொண்டன. கட்டைவிரல் ரேகை பதித்த சாவிக்கொத்து, ஒரு கற்றை முடி, இதயத்துடிப்பு அச்சடித்த தாள், இந்த மாதிரிச் சின்னச் சின்னதுகள்தான் கொடுக்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. உலகத்தின் பல இடங்களில் ஒரு காலத்தில் இறந்து பிறந்த குழந்தையைத் தாயிடம் காட்டாமலேயே எடுத்துப்போவார்கள், பார்த்தால் மறக்க முடியாது என்ற நல்ல எண்ணத்தில். இப்போது பல மருத்துவமனைகள் பாதச் சுவட்டை மையில் எடுத்து, போர்த்திய துணியோடு ஒரு பெட்டியில் வைத்துக் கொடுக்கின்றன, பெற்றோர் இப்போது வேண்டாம் என்றால் கோப்பில் வைத்திருந்து பிறகு கேட்டாலும் தருகிறார்கள். பழக்கம் மாறாது என்று சொல்லாதீர்கள், உங்கள் துறையில்தான் மாறியிருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். படிவத்தில் மூன்றாவதாக ஒரு வரி: உங்களிடம் இருப்பதில் தொலையவே கூடாதது எது? நோயாளி சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள், வாஷர் மாதிரி வளையம் என்றால் வாஷர் மாதிரி வளையம். அது பைக்குள் போகாமல் தங்கம் போகிற அலமாரிக்கே போகட்டும், வார்டு மாறினால் கோப்போடு கூடவே போகட்டும். மோதிரத்தை வெட்ட வேண்டிவந்தால் தாராளமாக வெட்டுங்கள், துண்டுகளை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், தட்டாரிடம் கொடுத்தால் ஒட்டித் தருவார். இறந்தவரின் துணிகளைக் கேட்காமல் துவைக்காதீர்கள், வாசனைக்காக அதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் பட்டிருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், தொற்று பயம் இருந்தால் ஏன் தர முடியாது என்று சொல்லுங்கள்.

ஆளுக்குப் பத்துப் பொருளைக் காட்டினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். காட்ட மாட்டார்கள். பயத்தோடு படுத்திருக்கிறவரிடம் கேட்டுப்பாருங்கள், ஒன்றைத்தான் காட்டுவார், அநேகமாக ஏற்கெனவே கைக்குள் பொத்திவைத்திருப்பதை. ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களிடம் வற்புறுத்தி எதையாவது வாங்கி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் ஒரு வார்டில் மட்டும் செய்து பாருங்கள். நர்ஸ்களிடம் கேட்டுச் செய்யுங்கள், இதில் பாதியை அவர்கள் யாரும் சொல்லாமலேயே செய்துகொண்டிருக்கிறார்கள், வளையத்தைப் பஞ்சில் சுற்றித் தலையணை உறைக்குள் ஒட்டிவைக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வரியின் வாசகம் பிடிக்காவிட்டால் உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம், பக்கத்தில் காரணம் கேட்கிற கட்டம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பல வார்டுகளில் துணைக்கு இருந்த ஒருவன்